பழைய வீட்டைத் திருத்தினால் வரியில் ஏதும் கழிக்கலாமா? புளியந்தீவுக் கணக்கு

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் சாரம் கட்டி வேலை நடந்ததைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். "அங்கயும் சலுகை இருக்கும் அம்மா, விசாரிச்சுப் பாருங்க" என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் சொன்னதைக் கொண்டு வருபவர்கள் இன்னொரு பக்கம். சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற மாதிரியான தனிச்சலுகை எதுவும் என் வீட்டுக்குப் பொருந்தவில்லை. ஆனால் சாதாரண வரிச்சட்டத்துக்குள்ளேயே பழைய வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. விசாரித்துக்கொண்டு போனதில் இன்னொன்றும் விளங்கியது. வருமான வரிச்சலுகை நாளைக்கே வந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் பெரிய பயன் இருக்காது. நாங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி இது பெண்வழியில் வந்த வீடு. அம்மாவின் தாயான பெத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் பாதி பாதி எழுதினார். மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில், மெதடிஸ்த மத்திய கல்லூரிக்குக் கிட்ட, வாவிக்காற்று நேரே வந்து அடிக்கிற இடம். தடித்த சுண்ணாம்புச் சுவர், முதிரை மரக் கூரை வளைகள், நாலு பக்கமும் காற்றோட்டம், முன்னால் நீட்டு விறாந்தை. 1978 நவம்பர் 23 சூறாவளி பின்பக்கக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. அந்த நேரம் ஊர் முழுக்க ஓட்டுக்கு அலைந்தார்கள். அப்பா ஓட்டுக்குப் பதில் கிடைத்த கூரைச் சீற்றைப் போட்டு மூடினார், அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. வாடகை நல்ல வாடகை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் உள்சுவர் முழுக்கச் சீமெந்து பூசி, அதன் மேல் பளபளவென்று பெயின்ட் அடித்து, ஏசிக்கு ஓட்டை போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

தங்கச்சி இருப்பது கனடாவில், டொரொண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில். அங்கே பழைய வீடு ஒன்றைப் பாதுகாக்க வேண்டியது என்று நகரசபை பட்டியலிட்டு, வீட்டுக்காரரும் அதைக் கெடுக்காமல் வைத்திருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால், வீட்டு வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோ மாகாணச் சட்டம் நகரசபைகளுக்கு இடம் கொடுக்கிறது. 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை எவ்வளவு என்பதைச் சபை தீர்மானிக்கலாம். கொடுக்காமலும் விடலாம். தங்கச்சி இதை வாசித்துவிட்டுத்தான் எனக்கு முதலில் எடுத்துச் சொன்னாள். "அக்கா, நம்மட வீடு இங்க இருந்தா காசு தந்திருப்பாங்க" என்றாள்.

பிறகு அமெரிக்கக் கதையையும் தோண்டினோம். அங்கே 1976இல் தொடங்கி, 1986இல் இன்றைய வடிவத்துக்கு வந்த ஏற்பாடு இது: சான்றளிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தைச் செப்பனிட்டால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைச் செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழிக்கலாம். 1936க்கு முந்திய, சான்றில்லாத கட்டடங்களுக்கு 10 சதவீதம் இருந்தது. அதை 2017 இறுதியில் எடுத்துவிட்டார்கள். 20 சதவீதத்தையும் ஒரே வருடத்தில் எடுக்க முடியாது, ஐந்து வருடத்துக்குப் பிரித்துத்தான் எடுக்கலாம். ஐந்து வருடத்துக்குள் கட்டடத்தை விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு நிபந்தனைகள் உண்டு. கட்டடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும்: கடை, கந்தோர், ஹோட்டல், வாடகை வீடு. தான் குடியிருக்கும் வீட்டுக்கு மத்திய அரசின் அந்தச் சலுகை கிடையாது. அடுத்தது, செலவு அந்தக் கட்டடத்தின் கணக்குப் பெறுமதியை, அதாவது தேய்மானம் போக ஏட்டில் நிற்கும் தொகையை, தாண்ட வேண்டும், அதையும் சாதாரணமாக 24 மாத காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். ஒரு ஜன்னலைத் திருத்திவிட்டு வரியைக் குறை என்று போய் நிற்க முடியாது. தேசியப் பூங்காச் சேவை என்ற அரச நிறுவனம் மூன்று கட்டமாகப் பார்க்கிறது. இந்தக் கட்டடம் உண்மையில் பெறுமதியானதா, என்ன வேலை செய்யப் போகிறீர்கள், செய்த வேலை சொன்னபடி இருக்கிறதா. வேலை தொடங்குமுன் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் முதலிலேயே தடுக்கி விழ வேண்டியதுதான்.

படம் எடுக்கும் விஷயத்தை மட்டும் நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அதற்குச் சட்டமும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

எங்களுக்குக் கணக்குப் பார்க்கிற தம்பியிடம் இதையெல்லாம் கொண்டுபோய் வைத்தேன். என்னிடம் படித்த பிள்ளை, இப்போது கணக்காளர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரீச்சர், நீங்க இப்ப வருசத்துக்கு எவ்வளவு வருமான வரி கட்டுறீங்க?"

ஒன்றும் கட்டுவதில்லை. அரச ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது. வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு விட்டால் வரும் காசு மட்டும்தான் கணக்கில் வரும். 2025 ஏப்ரலிலிருந்து ஆளொருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதுவரை வரி இல்லை. மாதம் 60,000 ரூபாய் வாடகை என்று வைத்தாலும் வருடத்துக்கு 7,20,000தான். நிவாரணத்தின் பாதியைக்கூட அது எட்டாது.

"அப்ப உங்களுக்கு அமெரிக்காக்காரன்ட 20 சதவீதம் கிடைச்சாலும் அதை எதில கழிப்பீங்க?" என்றார் தம்பி.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. வரியில் கழிக்கும் சலுகை ஏற்கனவே நல்லாய் வரி கட்டுகிறவருக்குத்தான் சலுகை. அமெரிக்காவில்கூடச் சொந்தமாகப் பெரிய வரிப் பொறுப்பு இல்லாதவர்கள், வரி கட்டும் பெரிய கம்பனிகளை முதலீட்டாளராகச் சேர்த்துக்கொண்டு, அந்தச் சலுகையின் பயனை அவர்கள் பக்கம் விட்டுவிட்டுப் பதிலுக்குக் காசு வாங்குகிறார்கள். அதற்கென்றே சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் தனித்தொழிலாக இருக்கிறார்கள். புளியந்தீவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் யார்? ஓய்வூதியக்காரர், விதவைகள், பிள்ளைகள் அனுப்பும் காசில் இருப்பவர்கள், பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனவர்கள். இவர்களுக்கு வருமான வரிச்சலுகையைக் கொடுப்பது, பல்லில்லாதவருக்கு முறுக்குக் கொடுக்கிற மாதிரி.

சரி, இருக்கிற சட்டத்தில் என்ன செய்யலாம்?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு ஒரு நிவாரணம் இருக்கிறது. திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பற்றுச்சீட்டுக் காட்டத் தேவையில்லை. ஆனால் அதை எடுத்தால் உண்மையான செலவை மறுபடி கழிக்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். வேறு வருமானமும் இருந்து 18 இலட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு இது பயன்படும். அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு பரம்பரை வீட்டையும் வாடகைக்கு விட்டிருப்பவர்கள் பலர் இதை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டை விருந்தினர் விடுதியாகவோ கடையாகவோ நீங்களே நடத்தினால் அது வியாபாரம், கணக்கு மாறிவிடும். அப்போது கட்டடத்தின் செலவை 20 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானமாகக் கழிக்கலாம். காணியின் பெறுமதி இதில் சேராது. திருத்த வேலைக்கு ஒரு எல்லை உண்டு: முந்திய வருட முடிவில் கட்டடத்தின் எஞ்சிய கணக்குப் பெறுமதி எவ்வளவோ, அதில் 5 சதவீதம் வரைதான் அந்த வருடத்தில் செலவாகக் கழிக்கலாம். மீதி கட்டடத்தின் பெறுமதியோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தேயும். உதாரணமாகக் கட்டடம் கணக்கில் 40 இலட்சம் என்றால், ஒரு வருடத்தில் 2 இலட்சம் வரையான திருத்தம் நேரே கழியும். ஆகவே வியாபாரமாக நடத்துபவர் கூரையை ஒரு வருடமும் சுவரை அடுத்த வருடமும் என்று பிரித்துச் செய்வதில் வரிக்கணக்கிலும் நியாயம் இருக்கிறது. சுண்ணாம்பு வேலைக்கும் அந்த வேகம்தான் சரி. நம்முடைய வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது என்பதால், மாரிக்கு முந்திய கச்சான் காற்றுக் காலத்தில் செய்யும் வேலை எந்த வருடக் கணக்கில் போகிறது என்ற குழப்பமும் வராது.

என்றைக்காவது விற்க நேர்ந்தால், அடக்கவிலைக்கு மேல் கிடைக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரும். இதில் மூன்று விஷயத்தைக் குறித்து வையுங்கள். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி உங்கள் கையில் இருந்த சொத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை. அதனால் அந்தத் திகதிக்கு ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுத்து வீட்டு உறுதிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு வீட்டை மேம்படுத்தச் செய்த செலவையும் பற்றுச்சீட்டு இருந்தால் அடக்கவிலையோடு சேர்க்கலாம். விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் உங்கள் சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் பிரதான வதிவிடமாகக் குடியிருந்த வீடு என்றால் அந்த வரியே இல்லை. நான் விற்கப் போவதில்லை. ஆனாலும் பிள்ளைகள் என்ன செய்வார்களோ யாருக்குத் தெரியும்?

இனி உறுதி. பழைய வீட்டுக்காரர் பாதிப் பேர் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள். பெத்தாவின் பெயரில் உறுதி, அவர் போய் முப்பது நாற்பது வருடம், பேரப்பிள்ளைகள் நாலு நாட்டில். அப்படியான வீட்டுக்கு யாரும் எந்தச் சலுகையும் தர முடியாது, வங்கியும் கடன் தராது. எங்களுக்கு அம்மா இருக்கும்போதே நொத்தாரிசைக் கூப்பிட்டு எழுதியது பெரிய புண்ணியம். தங்கச்சியின் கையெழுத்து தேவைப்படும் இடங்களுக்கு டொரொண்டோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகம் மூலமாக, தனக்காக நான் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினாள். வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 18 இலட்ச நிவாரணம் இங்கே வதிபவருக்கும், வெளிநாட்டில் இருந்தாலும் இலங்கைப் பிரஜையாக இருப்பவருக்கும்தான். கனடியக் குடியுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டவருக்கு வாடகையில் வரும் பங்குக்கு அந்த நிவாரணம் இல்லை. தங்கச்சி இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து வைத்திருந்தாள். அவள் அதை எடுத்தது ஊருக்கு வந்து போவதற்காக, இப்போது வரிக்கும் உதவியது. கனடாவில் வதிபவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கேயும் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது தொல்பொருள் திணைக்களம். இந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் பக்கம் ஆட்கள் பயப்படுகிறார்கள். "சொல்லிப் போடாதீங்க ரீச்சர், வந்து பலகை நட்டுடுவாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கிழக்கு மாகாணத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களைப் பழங்காலச் சின்னம் என்ற வகையில் வைக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன உடன்படிக்கையின் திகதி அது. அதற்குப் பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க முடியும். அப்படி அறிவித்துவிட்டால் அனுமதி இல்லாமல் ஓடுகூட மாற்ற முடியாது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த எங்கள் கோட்டை ஒரு வகை. கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாகக் கந்தோர், நெடுங்காலம் அதற்குள்தான் இயங்கியது. எங்கள் வீடு பிரித்தானியர் காலத்தது, வர்த்தமானியில் இல்லை. ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது மாநகர சபையின் கட்டட அனுமதி மட்டும்தான். அதுவும் கூரையின் அமைப்பை மாற்றுவதற்கு. பூச்சு உரித்துப் பூசுவதற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

பட்டியலில் இல்லாதது ஒரு வகையில் நிம்மதி. ஆனால் மற்ற நாடுகளில் சலுகையெல்லாம் பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறது. அங்கே கட்டுப்பாடும் காசும் சேர்ந்தே வருகின்றன. இங்கே பட்டியலில் ஏறினால் கட்டுப்பாடு வரும், கூடவே காசு வரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. அதனால்தான் எல்லாரும் பழமையை மறைக்கிறார்கள். இந்தப் போக்கில் இன்னும் கொஞ்சக் காலத்தில் பட்டியலிட எதுவும் மிஞ்சாது.

இப்போது சோலைவரிக்கு வருகிறேன். என் பார்வையில் முழு விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

சோலைவரி என்பது வீட்டின் வருடாந்தப் பெறுமதியில் மாநகர சபை போடுகிற வரி. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதுதான் அந்தப் பெறுமதி. கூரை ஒழுகி, சுவர் உதிர்ந்து கிடந்தால் பெறுமதி குறைவு, வரியும் குறைவு. கடன்பட்டுத் திருத்தி அழகாக்கினால் அடுத்த மதிப்பீட்டில் பெறுமதி ஏறும், வரியும் ஏறும். அதாவது வீட்டைப் பாழாக விடுபவருக்கு வரி குறைகிறது, காப்பாற்றுகிறவருக்குக் கூடுகிறது. வேண்டுமென்று யாரும் இப்படி எழுதவில்லை, முறையின் இயல்பே இது. பெரிய நாடுகளிலும் இந்தக் கோணல் இருக்கிறது. பிரித்தானியாவில் புதுவீடு கட்டினால் பெறுமதி சேர் வரி பூச்சியம், பழைய வீட்டைத் திருத்தினால் பொதுவாக 20 சதவீதம். பட்டியலிட்ட கட்டடங்களில் அனுமதியோடு செய்யும் மாற்றங்களுக்கு இருந்த பூச்சிய வரியையும் 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள்.

இங்கே நடைமுறையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வருடத்துக்குரிய சோலைவரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டுக்கு ஒருமுறை கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். பெறுமதியைக் கூட்டி அறிவித்தல் வந்தால், அதில் போட்டிருக்கும் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. பின்பக்கம் இன்னும் சீற்றுக் கூரைதான், அதைப் பாவிப்பதில்லை என்று படத்தோடு எழுதிக் கொடுத்தவருக்கும், கந்தோரில் நின்று சத்தம் போட்டவருக்கும் என்ன வித்தியாசம் என்பது போனால் தெரியும்.

வேலையைப் பற்றி எழுதாமல் விட்டால் மேசன் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டார். முதலில் உள்ளே பூசியிருந்த சீமெந்துப் பூச்சை உரித்தோம். வாவி ஓரத்து வீடுகளில் நிலத்திலிருந்து உப்புத் தண்ணீர் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்தும் பிளாஸ்டிக் பெயின்டும் அதை உள்ளே அடைத்துவிடும், உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பூத்துச் சுவரையே தின்னும். உரித்துப் பார்த்தால் சில இடங்களில் கல்லுக்கு நடுவே இருந்த சாந்து மாவாக உதிர்ந்தது. தொண்டு நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன பரிசு அது.

"சீமெந்தெண்டா நாளைக்கே பூசி முடிச்சிரலாம் ரீச்சர். சுண்ணாம்பெண்டா நீங்க காத்திருக்கோணும்" என்றார் அண்ணன். காத்திருந்தோம். சுட்ட சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் ஊறப் போட வேண்டும். அந்தக் காலத்தில் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுட்டுத்தான் இந்தக் கரையில் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது தடை, தடை செய்ததும் சரிதான். அதனால் எங்கே சுட்ட சுண்ணாம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவாக யாராவது இருட்டில் கொண்டுவந்து இறக்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பூசிய பிறகு கச்சான் காற்று ஒரே நாளில் உலர்த்திவிடப் பார்க்கும், உலர்ந்தால் வெடிக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து மெல்லக் காய விட வேண்டும். மாரி தொடங்குமுன் முடிக்கவும் வேண்டும். வருடத்தில் அந்த இடைவெளி குறுகியது.

மரவேலைக்கு வந்த ஓடாவி முதிரை வளைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, நுனி மட்டும்தான் இற்றிருக்கிறது, மாற்றாதீர்கள், நுனியை வெட்டி ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்றார். புது வளை போட்டிருந்தால் அவருக்குக் கூலி கூட. அப்படியான ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செலவு எங்கே போனது என்று பார்த்தால் பெரும்பகுதி கூலிதான். புது வீடு கட்டுபவருக்குச் சீமெந்து, கம்பி, மாபிள் என்று கடைப் பற்றுச்சீட்டுக் கட்டுக் கட்டாகச் சேரும், 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் அதில் போட்டிருக்கும். பழைய வீட்டுக்காரருக்குக் கையில் சீட்டே மிஞ்சாது. மேசனும் ஓடாவியும் பில் புத்தகம் வைத்திருப்பதில்லை. கணக்காளர் தம்பி சொன்னபடி நாங்கள் ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு கூலிக்கும் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன வேலை, எந்த அறை, தொகை, கையெழுத்து என்று எழுதி வைத்தோம். கடைச்சீட்டுகளை என் பெயரிலும் வீட்டு விலாசத்திலும் எழுதச் சொன்னோம். பாதி உரிமை தங்கச்சியுடையது என்பதால் அவள் அனுப்பிய காசை வங்கி வழியாகவே எடுத்தோம். இன்றைக்கு எனக்கு வரி இல்லை, ஆனால் நாளைக்கு விடுதியாக மாற்றினாலோ விற்றாலோ இந்தப் புத்தகம்தான் பேசும். மழைக்கு நனையும், எழுத்து அழியும் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துத் தங்கச்சிக்கும் அனுப்பிவிடுவேன்.

வேலைக்கு முந்திய படங்களும் அப்படித்தான். ஒவ்வொரு அறையின் நாலு சுவர், கூரை, கதவு, பிணைச்சல் எல்லாம் திகதியோடு எடுத்து வைத்தோம். மேசன் அண்ணனுக்கும் அது உதவியது. உரித்த பிறகு விறாந்தைச் சுவரின் வளைவு எப்படி இருந்தது என்று தர்க்கம் வந்தபோது படத்தைப் பார்த்துத்தான் பூசினார்.

சலுகை வேண்டும் என்றால் எந்த மாதிரிச் சலுகை? பாண்டிச்சேரியைப் பாருங்கள், அது எங்களுக்குக் கிட்டிய உதாரணம். அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒரு வீதி. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதவித் திட்டம் ஒன்றின் கீழ், இன்டாக் என்ற மரபுரிமை அமைப்பு அந்த வீதி வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டது. வீட்டுக்காரர் பாதி போட, திட்டம் பாதி போட்டது. வரி கட்டுகிறவரா இல்லையா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. திண்ணையும் தூணும் இருக்கிற வீடு, செய்ய விரும்புகிற வீட்டுக்காரர், அவ்வளவுதான் தகுதி. தனித்தனி வீட்டைப் பார்க்காமல் ஒரு வீதியையே எடுத்துக்கொண்டதால் அந்த வீதியின் முகமே மாறியது. காலியிலும் கோட்டைக்குள் இருக்கும் சில தனியார் வீடுகளுக்கு நெதர்லாந்து உதவி கிடைத்தது. ஆனால் காலிக் கோட்டை 1988இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. எங்களுக்கு அப்படிப் பெரிய பெயர் இல்லை.

அதனால் நாங்கள் சில வீட்டுக்காரர் சேர்ந்து மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய வீட்டைப் பழைய முறையில் திருத்துபவருக்கு, திருத்தியதைக் காரணம் காட்டிச் சில வருடங்களுக்கு வருடாந்தப் பெறுமதியைக் கூட்ட வேண்டாம் என்பது முதலாவது. சபைக்குக் கையிலிருந்து காசு போகாது, கூட வரவேண்டியது கொஞ்சக் காலம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கூரை, முகப்பு வேலைக்கான அனுமதிக் கட்டணத்தை விட்டுக்கொடுங்கள் என்பது இரண்டாவது. எந்தெந்த வீடு இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று படத்தோடு ஒரு பட்டியல் எடுங்கள், அதைச் செய்ய எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளே போதும் என்பது மூன்றாவது. வரிவிலக்கு வேண்டும் என்று தொடக்கத்தில் ஒருவர் எழுதச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முழு விலக்குக் கேட்டால் யாருக்கும் கிடைக்காது. கூட்டாதே என்று கேட்டால் ஒரு சபை உறுப்பினராவது காது கொடுப்பார்.

கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர் நன்றாகவே பேசினார். சபையில் தீர்மானமாக வர வேண்டும், வருமானம் குறையும் என்று கேள்வி வரும், எத்தனை வீடு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது சரி. ஆகவே இப்போது மூன்றாவது கோரிக்கையை நாங்களே தொடங்கியிருக்கிறோம். வாவிக்கரையோர வீதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் படம் எடுத்து, கூரை ஓடா சீற்றா, பூச்சு சுண்ணாம்பா சீமெந்தா, உறுதி யார் பெயரில் என்று ஒரு தாளில் நிரப்புகிறோம். உறுதிக் கேள்விக்குப் பலர் பதில் சொல்வதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம். கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் வருமான வரிக் கோப்பு வைத்திருப்பவர் யாருமில்லை என்பதையும், சோலைவரி நிலுவை இல்லாதவர்கள்தான் அதிகம் என்பதையும் அடுத்த கடிதத்தில் சேர்த்து எழுதப் போகிறோம்.